கல்லறை 1:12, வீடு 1:48: லைப்ரரி ஷோகேஸ்ல ஒரு ஹாலோவீன் மினியேச்சர், முழு நிகழ்வு ஆய்வு

பாஸ்டனுக்குப் பக்கத்துல எங்க டவுன் லைப்ரரியில, குழந்தைங்க செக்‌ஷனுக்குப் போற வழியில ஒரு கண்ணாடி ஷோகேஸ் இருக்கு. மாசத்துக்கு ஒருத்தர் அதுல தன்னோட கைவேலையை வைக்கலாம், அக்டோபர் மாசம் எங்க தெருவுல இருக்கற ஒரு அக்காவுக்குக் கிடைச்சுது. அக்கா பாலிமர் க்ளேல, அதாவது அவன்ல சுட்டா இறுகற பிளாஸ்டிக் களிமண்ல, நகை செய்றவங்க, விரல் அவ்ளோ சுத்தமா வேலை பாக்கும், ஆனா ஒரு முழுக் காட்சியா எதுவும் கட்டினதில்ல. எனக்கு மாடல் கட்டுற பழக்கம் ரொம்ப நாளா உண்டு, அதனால ரெண்டு பேரும் சேந்து இறங்கினோம். என்ன முடிவு ஏன் எடுத்தோம், எது நின்னுச்சு, எது நிக்கலங்கறதைத்தான் இங்க எழுதறேன். மினியேச்சர்ல பயம்ங்கறது ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கும்போதுதான் வரும், எத்தனை எலும்புக்கூடு அடுக்கினாலும் அதுக்கு ஈடாகாது, இதை நான் முழுசா நம்பறேன்.

முதல்ல கண்டிஷன்ஸ். ஷோகேஸோட உள்ளளவு 36 இன்ச் அகலம், 18 இன்ச் ஆழம், 16 இன்ச் உயரம். உள்ள ப்ளக் பாயின்ட் கிடையாது. செடி, தானியம், காஞ்ச இலை, சாப்பாட்டுப் பொருள் எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு ஸ்டாஃப் தெளிவா சொல்லிட்டாங்க, அது நியாயம்தான், அதுல இருந்து பூச்சி வந்தா அடுத்து போறது புக்ஸ் பைண்டிங்குக்கு. ரூம் லைட் பகல் மாதிரி எரிஞ்சுகிட்டே இருக்கும். பாக்கறவங்கள்ல பாதிப் பேர் நாலடி உயரம்கூட இல்லாதவங்க.

அக்கா ஏற்கனவே ஒரு பை நிறைய சாமான் வாங்கி வச்சிருந்தாங்க. எலும்புக்கூடு, வவ்வால், பூசணி, சின்ன வீடு, ஆரஞ்சு சீரியல் லைட், ஸ்பைடர் வெப் பாக்கெட். எல்லாத்தையும் டேபிள்ல கொட்டி ஸ்கேல் வச்சு அளந்தோம். எலும்புக்கூடு 6 இன்ச், அதாவது 1:12, ஒரு இன்ச்சுன்னா நிஜத்துல ஒரு அடி, டால்ஹவுஸ்காரங்க வழக்கமா புழங்கற அளவு. ஆனா வீட்டுக் கதவு ஒரு இன்ச் கூட இல்ல, பூசணி கதவை விடப் பெருசு, வவ்வாலோ ஜன்னலை மூடற சைஸ். இதையெல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சா கண்ணு உடனே பொம்மைன்னு கண்டுபிடிச்சுடும், அப்புறம் எவ்ளோ பெயின்ட் அடிச்சாலும் அந்த எண்ணம் போகாது. "அப்ப இதெல்லாம் வேஸ்ட்டா"ன்னு அக்கா கேட்டாங்க. "ரிட்டர்ன் பண்ணிடலாம்க்கா, ரசீது இருக்குல்ல"ன்னேன். பாதி திரும்பிப் போச்சு, மிச்சம் பசங்க ரூமுக்குப் போச்சு.

அளவுலதான் மொத்த சூட்சுமமும்

என்ன சீன்ங்கறதுல எங்களுக்கு சந்தேகமே இல்ல. மாசச்சூசெட்ஸ்ல இருந்துகிட்டு ஹாலோவீனுக்கு வேற எங்க போறது, பழைய கல்லறைத் தோட்டம், அதுக்குப் பின்னாடி மேட்டுல ஒரு பழைய வீடு. வீடுன்னா மேன்சார்டு கூரை, அதாவது பக்கமெல்லாம் செங்குத்தா இறங்கி மேல தட்டையா இருக்கற கூரை, வச்ச செகண்ட் எம்பயர் ஸ்டைல் வீடு, 1860, 70கள்ல அமெரிக்கா பூரா கட்டினது. அந்தக் காலத்துல அது பணக்கார வீடு, ஃபேஷன் வீடு. அடுத்த தலைமுறைக்கு ரசனை மாறிப்போச்சு, அவ்ளோ பெரிய வீட்டை சூடு பண்ணவும் பெயின்ட் அடிக்கவும் ஆள் இல்லாம நிறைய வீடு பாழடைஞ்சுது, அப்படியே பேய் வீடுன்னா இதுதான்னு எல்லாரும் நினைக்கற உருவமாவும் ஆயிடுச்சு. எட்வர்ட் ஹாப்பர் 1925-ல ரயில் தண்டவாளத்துக்குப் பின்னாடி அப்படி ஒரு வீட்டைத் தனியா நிக்கவச்சு ஒரு ஓவியம் போட்டிருக்கார், நியூயார்க்ல மோமாங்கற நவீன ஓவிய மியூசியத்துல இருக்கு. அதுல பேயும் இல்ல பிசாசும் இல்ல, நல்ல வெயில் அடிக்குது, ஆனாலும் பாக்கறப்போ வயித்தை என்னமோ பண்ணும். அந்தப் படத்தோட பிரின்ட்டை எடுத்து வேலை மேசைக்கு எதிர்ல ஒட்டிட்டோம்.

சரி, இப்ப கணக்கு. கோபுரத்தோட அந்த மாதிரி வீடு ஒரு 40 அடின்னு வைங்க. 1:12-ல 40 இன்ச், பேச்சுக்கே இடமில்ல. 1:24-ல 20 இன்ச், ஷோகேஸே 16தான். 1:48-ல 10 இன்ச், மேட்டுக்கு 4 இன்ச் விட்டாலும் மேல 2 இன்ச் வானம் மிஞ்சும். ஆனா கல்லறைக் கல்லையும் 1:48-ல செஞ்சா ரெண்டரை அடிக் கல்லு முக்கால் இன்ச் கூட வராது, அதுல செதுக்கறது எதுவும் ஒரு குழந்தை கண்ணுக்குத் தெரியப் போறதில்ல. அதனால முன்னாடி 1:12, நடுவுல 1:24, பின்னாடி 1:48ன்னு வச்சுட்டோம். இருக்கற 18 இன்ச் ஆழத்தை ஒரு பெரிய மைதானம் மாதிரி காட்டறதுக்கு இதை விட்டா வேற வழி கிடையாது.

இது வேலை செய்யணும்னா எல்லாமே சேந்து சுருங்கணும். முன்னாடி இரும்பு வேலி 4 இன்ச் உயரம், மேட்டு உச்சியில அதே வேலி 1 இன்ச். பாதை கண்ணாடி ஓரத்துல 4 இன்ச் அகலம், வீட்டு வாசப்படி கிட்ட 1 இன்ச், நேரா போகாம ஒரு வளைவு வளைஞ்சு போகும், அந்த வளைவுலதான் அளவு மாறுறது ஒளிஞ்சுக்கும். கலரும் மாறணும், முன்னாடி கறுப்பும் வெளுப்பும் அழுத்தமா இருக்கும், பின்னாடி போகப் போக எல்லாத்துலயும் கொஞ்சம் நீலச் சாம்பல் கலந்து மங்கலாக்கினோம். பக்கவாட்டுல இருந்து பாத்தா இந்த வித்தை மொத்தமும் உடைஞ்சுடும், அதனால ரெண்டு பக்கக் கண்ணாடியையும், பின்பக்கம், மேல்பக்கத்தையும் உள்ளேயிருந்து கறுப்பு ஃபெல்ட்டால மூடியாச்சு. அந்த ஃபெல்ட்டு லைட்டுக்கும் பெரிய உதவி பண்ணுச்சு, அதை அப்புறம் சொல்றேன்.

மேடு, எக்ஸ்பிஎஸ் ஃபோம், வீட்டு இன்சுலேஷனுக்கு விக்கற அந்தப் பிங்க் கலர் ஷீட், அடுக்கி ஒட்டி கத்தியால சீவினது. மேல மாட் பாட்ஜுங்கற கைவேலைப் பசையும் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட்டும் கலந்து ஒரு கோட்டு. அக்கா வீட்டுக்காரர் ஸ்ப்ரே பெயின்ட் கேனோட வந்தார், ஒரு துண்டு ஃபோம்ல அடிச்சுக் காட்டினேன், அப்படியே குழி குழியா உருகிப் போச்சு, ஸ்ப்ரேல இருக்கற சால்வென்ட் இந்த ஃபோமோட பிளாஸ்டிக்கை, பாலிஸ்டைரீனைக் கரைச்சுடும். முதல்ல பிரஷ்ஷால நல்லா மூடின பிறகுதான் வேற எதுவும்.

ஒரு கல்லு

கல்லறைக் கல்லைப் பத்தி மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா குழந்தைங்க மூக்குக்கு நேரா இருக்கறது அதுதான்.

கடையில விக்கற பிளாஸ்டிக் கல்லுல ஆர்ஐபின்னு எழுதி, மேல அரை வட்டமா, வெள்ளைச் சாம்பல்ல இருக்கும். பாஸ்டன் நடுவுல இருக்கற கிரானரி மயானம் 1660-ல ஆரம்பிச்சது, அங்க போய்ப் பாத்தா கல்லு அப்படி இல்ல. கறுத்த ஸ்லேட் பலகை, மேல நடுவுல ஒரு பெரிய வளைவு, ரெண்டு பக்கமும் தோள் மாதிரி ரெண்டு சின்ன வளைவு. நடுவளைவுல ரெக்கை முளைச்ச மண்டை ஓடு. 17ஆம் நூற்றாண்டுலயும் 18-ஓட முதல் பாதியிலயும் இந்த மண்டை ஓடுதான், அப்புறம் அது மெல்ல ரெக்கை வச்ச குழந்தை முகமாகுது, அதுக்கப்புறம் பானையும் தொங்கற வில்லோ மரமும் வருது. ஒரே தோட்டத்துல மூணும் இருந்தா அங்க நூறு வருஷத்துக்கு மேல சாவு வந்து போயிருக்குன்னு யாரும் சொல்லாமலே தெரியும். அதனால நாங்க மூணையும் வச்சோம், வீட்டுக்குப் பக்கத்துல போகப் போக புதுசு.

செஞ்ச விதம் இப்படி. 6 எம்எம் ஃபோம் ஷீட்டுல கல்லு வெட்டி, ஓரத்தை மட்டும் கத்தி முதுகால லேசா நசுக்கினோம். மை தீந்துபோன பால்பாயின்ட் பேனா எடுத்து அழுத்தி வரைஞ்சா ஃபோம் அமுங்கிக் கோடு நிக்கும், செதுக்கின மாதிரியே இருக்கும். மண்டை ஓட்டுக்கு முதல்ல ரெண்டு கண் குழி, பேனா பின்பக்கத்தால ஒரு அழுத்து, மூக்குக்கு ஒரு முக்கோணம், பல்லுக்கு ஒரு நீளக் கோடும் குறுக்குக் கோடுகளும், அப்புறம் ரெக்கையில ஒவ்வொரு இறகா வெளியில இருந்து உள்ள. அக்கா கை அதுல போன வேகத்தைப் பாக்கணும், நான் ஒண்ணு முடிக்கறதுக்குள்ள அவங்க ஒரு வரிசையே முடிச்சு வச்சிருந்தாங்க. எழுத்துக்கு நிஜக் கல்லுல வர்ற மெமென்டோ மோரி, சாவு உண்டுன்னு மறக்காதேங்கற லத்தீன் வார்த்தை, அது மட்டும் சிலதுல போட்டோம். பேர் எதுவும் போடல. ஒரு நிஜக் கல்லுல இருக்கற பேரை எடுத்து வேடிக்கைக்கு வைக்கறது சரியில்லன்னு ரெண்டு பேருக்குமே தோணுச்சு, அவங்களும் ஒரு வீட்டுப் பிள்ளைங்கதான். அதே மாதிரி அங்க போறவங்க கல்லு மேல பேப்பர் வச்சுத் தேய்க்காதீங்க, கல்லு தேயும், போட்டோ எடுத்துக்கங்க போதும்.

பெயின்ட்டு, முதல்ல நீலம் கொஞ்சம் கலந்த கரும் சாம்பல். அது காஞ்சதும் கறுப்பும் பிரவுனும் தண்ணியா கரைச்சு ஒரு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு விட்டு மேல ஊத்தினா, கோட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும். அப்புறம் டிரை பிரஷ், வெளிர் சாம்பல்ல தொட்டு டிஷ்யூல தொடைச்சு தொடைச்சு பிரஷ்ல பெயின்ட்டே இல்லங்கற நிலைமைக்கு வந்த பிறகு மேல மேல தேய்க்கறது, மண்டை ஓடு அப்பதான் எழுந்து வரும். ஸ்லேட் நூறு இருநூறு வருஷம் ஆனாலும் எழுத்து கூர்மையா நிக்கற கல்லு, அதனால அதுல எழுத்தை அழிக்கல. பின்னாடி இருக்கற வெள்ளை மார்பிள் கல்லுலதான் எழுத்து மழையில கரைஞ்சு மொழுமொழுன்னு ஆகியிருக்கும், அதை அப்படியே செஞ்சோம். பாசிக்கு ஸ்பாஞ்சுத் துணுக்குல வெளிர் பச்சையும் கடுகு மஞ்சளும் தொட்டு, தண்ணி தங்கற தோள் மேலயும் அடியிலயும் மட்டும் ஒத்தினது.

அப்புறம் சாய்வு. எல்லாக் கல்லும் ஒரே பக்கம் சாஞ்சா ரொம்பப் பொய்யா இருக்கும். இங்க குளிர்காலத்துல மண்ணுல இருக்கற தண்ணி உறைஞ்சு உப்பி கல்லைத் தூக்கிவிடும், உருகினதும் கல்லு பழைய இடத்துக்கு வராது, அதனால ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி, ஒண்ணு பாதி முழுகி நிக்கும். கல்லுக்கு முன்னாடி ஆறடி நீளத்துக்கு, அதாவது எங்களுக்கு 6 இன்ச், மண்ணை லேசா உள்வாங்க விட்டோம், கால் பக்கம் ஒரு குட்டிக் கல்லு. அந்த உள்வாங்கின மண்ணைப் பாத்ததும் ஸ்டாஃப் ஒருத்தங்க கையைக் கட்டிக்கிட்டு ரெண்டடி பின்னாடி போனாங்க. எலும்புக்கூடு ஒண்ணுகூட வைக்கலன்னு அவங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

வீட்டைப் பத்தி சுருக்கமாவே சொல்லிடறேன். ஃபோம் போர்டு உடம்பு, கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரி சீரியல் டப்பா அட்டையை 2 எம்எம் பட்டையா வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டினது மரச் சுவர், கூரைக்குப் பேப்பர் ஓடு. சாம்பல் மரக் கலர் அடிச்சு, காஞ்சதும் ஹேர்ஸ்ப்ரே, அதுக்கு மேல அழுக்கு வெள்ளை, அப்புறம் ஈர பிரஷ்ஷால தேய்ச்சா வெள்ளை மட்டும் செதில் செதிலா உரிஞ்சு வரும். எங்க உரியணும்ங்கறதுதான் கேள்வி. மழை அடிக்கற பக்கம், ஜன்னல் சட்டத்துக்குக் கீழ, ஒழுகற கூரைத் தண்ணிக் குழாய்க்கு அடியில. வராண்டா கூரைக்குக் கீழ பெயின்ட் நல்லாவே இருக்கட்டும். அங்கங்க சும்மா தேய்ச்சா அழுக்காத்தான் தெரியும், வயசாத் தெரியாது.

இந்த விஷயத்துல எனக்கு குருன்னா பிரான்சஸ் கிளெஸ்னர் லீதான். 1940கள்ல நியூ ஹாம்ப்ஷயர்ல உக்காந்து, போலீஸ்காரங்களுக்குத் துப்பறியப் பயிற்சி குடுக்கறதுக்காக 1:12-ல சாவு நடந்த ரூம்களை அப்படியே செஞ்சாங்க, நட்ஷெல் ஸ்டடீஸ்னு பேர், 18 இப்ப பால்டிமோர்ல, சாவுக்குக் காரணம் கண்டுபிடிக்கற மெடிக்கல் எக்ஸாமினர் ஆபீஸ்ல இருக்கு. அதுல ஒரு காலெண்டர், ஒரு கறை, ஒரு செருப்பு கூட சும்மா இருக்காது, எல்லாமே சாட்சி. நம்ம ஹாலோவீன் டிஸ்ப்ளேக்கு அந்த அளவு வேண்டாம், ஆனா ஏன் இது இங்க இருக்குன்னு கேட்டா பதில் இருக்கணும்.

அம்மா சொன்ன குளம்

அக்காவோட அம்மா கும்பகோணத்துல இருந்து நவராத்திரிக்கு வந்திருந்தாங்க, வீட்டுல கொலு ஒரு பக்கம், கல்லறை ஒரு பக்கம். அவங்க முதல்ல முகம் சுளிச்சது உண்மை, "நல்ல நாள்ல இதென்னடி சுடுகாடு"ன்னாங்க, அதனால வேலையை பேஸ்மென்ட்டுக்கு மாத்தினோம். ரெண்டாம் நாள் அவங்களே இறங்கி வந்து பாத்துட்டு, "ஏண்டி, புல்லுக்கு என்ன பண்ணப் போற, கொலு பார்க்குல கேழ்வரகு முளைக்கவச்சேன் பாரு, தண்ணி விடாம விட்டா காஞ்சு வைக்கோல் மாதிரி ஆயிடும், அதை எடுத்து வையேன்"ன்னாங்க. பிரமாதமான யோசனை, ஆனா தானியம், உள்ள விட மாட்டாங்க. கடைசியில டெடி பேர் துணி, அந்த நீள ரோமத் துணி, அதை வெட்டி ஒட்டி காஞ்ச புல் கலர் பூசி, ஈரம் இருக்கும்போதே பழைய டூத் பிரஷ்ஷால வாரினோம்.

அடுத்ததா அவங்க சொன்னதுதான் டிஸ்ப்ளேயையே மாத்துச்சு. "கொலுவுல குளத்துக்குக் கண்ணாடிதானே வைப்போம், இங்க ஏன் வைக்கல?" நாங்க ரெசின், ஊத்தினா கண்ணாடி மாதிரி இறுகற திரவம், அதை ஊத்தலாமான்னு யோசிச்சுட்டு இருந்தோம், அது காய ஒரு நாளுக்கு மேல ஆகும், வாடைக்கு ஜன்னல் திறக்கணும், கிளவுஸ் போடணும். முகம் பாக்கற கண்ணாடி ரொம்பப் பளிச்சுன்னு இருந்துச்சு, அதனால போட்டோ ஃபிரேம் கண்ணாடியோட அடிப்பக்கம் கறுப்பு அடிச்சு, ஓரத்துல மண்ணும் புல்லும் ஏத்திவிட்டோம். கறுப்பு, அசையாத தண்ணி. குனிஞ்சு பாத்தா மேட்டு வீட்டோட ஒத்தை ஜன்னல் தண்ணிக்குள்ள எரியுது.

ஆமா, ஒரே ஜன்னல்தான். மாடியில, வலது ஓரம், திரை ரெண்டு எம்எம் விலகியிருக்கும். அதுல ஒரு உருவம் வைக்கலாமான்னு அக்காவும் நானும் ரொம்ப நேரம் வாதாடினோம், அக்கா பொம்பள நிழல் ஒண்ணு வெட்டிகூட வச்சுட்டாங்க, வச்சுப் பாத்தோம், எடுத்துப் பாத்தோம், எடுத்ததுதான் பயங்கரம். மத்த ஜன்னல் எல்லாம் இருட்டு. உள்ள ஒரு வார்ம் ஒயிட் எல்இடி, முன்னாடி பட்டர் பேப்பர். நிலா வெளிச்சத்துக்கு வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு கூல் ஒயிட், மேல வெளிர் நீல செலஃபேன். நீல எல்இடியே வச்சா கல்யாண மண்டபம் சீரியல் செட் மாதிரி ஆயிடும்.

கரன்ட் கணக்கு இது. மூணு டி சைஸ் பேட்டரி வரிசையா, 4.5 வோல்ட். வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் பக்கம் வேணும், ஒவ்வொண்ணுக்கும் 330 ஓம் ரெசிஸ்டர் போட்டா 4.5 மில்லி ஆம்ப் ஓடும், மூணும் சேந்து 14 கூட இல்ல. லைப்ரரி திறக்கறப்போ போட்டு மூடறப்போ அணைச்சா மாசம் 260 மணி நேரம்னு வச்சாலும் 3,600 மில்லி ஆம்ப் ஹவர்தான், டி பேட்டரி தாராளமா தாங்கும். சிஆர் 2032 பட்டன் பேட்டரி 220 பக்கம்தான், ரெண்டாவது நாளே செத்துடும். அதை விட முக்கியம், குழந்தைங்க இருக்கற இடத்துல அது வேண்டவே வேண்டாம், முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாயைப் பொசுக்க ஆரம்பிச்சுடும், 2022-ல அமெரிக்காவுல இதுக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க. வீட்டுல செய்றவங்களும் ஸ்க்ரூ போட்ட பேட்டரி பாக்ஸா பாத்து வாங்குங்க, ப்ளீஸ்.

இவ்ளோ சின்ன வெளிச்சம் அந்த ட்யூப்லைட் ரூம்ல தெரிஞ்சதுக்குக் காரணம் அந்தக் கறுப்பு ஃபெல்ட்டுதான். வெளிச்சத்தை ஏத்தாம சுத்தியிருக்கறதை இருட்டாக்கினோம், அது போதுமா இருந்துச்சு.

பூசணி ஒண்ணு வச்சோம், அது இல்லாம ஹாலோவீன்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அயர்லாந்துல டர்னிப் கிழங்கைத்தான் குடைஞ்சு விளக்கு வச்சாங்க, இங்க வந்த பிறகு பூசணி பெருசாவும் சுலபமாவும் கிடைச்சதால அதுக்கு மாறிட்டாங்க. அக்கா செஞ்சது ஒரு இன்ச் பூசணி, அலுமினியம் ஃபாயில் உருண்டை மேல பாலிமர் க்ளே, 130 டிகிரி செல்சியஸ்ல சுட்டது. செதுக்கின பூசணி நாளாக நாளாக உள்ள இடிஞ்சு விழும், வாய் சுருங்கிக் கிழவி மாதிரி ஆகும், அதைத்தான் செஞ்சாங்க. வேலி ஓரத்துல, விளக்கு இல்லாம, ஒரு பக்கம் அமுங்கி. அவங்க நகை வேலை அத்தனையும் அந்த ஒரு பூசணியில தெரிஞ்சுது.

என்ன ஆச்சு? கண்ணாடியைத் தொடைக்கற ஸ்டாஃப் சொன்னது, கைரேகையும் மூக்குத் தடமும் ரெண்டே இடத்துல, வலது பக்கம் ஜன்னலுக்கு நேரா, அப்புறம் கீழ குளத்துக்கு நேரா. மேல யார் இருக்காங்கன்னு குழந்தைங்க கேட்டுட்டே இருந்தாங்களாம், ஆளுக்கொரு பதில் அவங்களே சொல்லிக்கவும் செஞ்சாங்களாம். சில பெரியவங்களுக்கு கலர் பத்தல, ஆரஞ்சு வேணும்னாங்க. எனக்கு அது சரின்னு படல, ஆனா அடுத்த தடவை முன்னாடி மண்ணுல மேப்பிள் இலை கொஞ்சம் சிதற விடலாம், பேப்பர் பஞ்ச்ல வெட்டினது, அது இந்த சீசனுக்கு நிஜமாவே இருக்கறதுதான்.

நிக்காதது ரெண்டு. தலகாணிப் பஞ்சைப் பிச்சு இழுத்துப் போட்ட பனிமூட்டம் நாலஞ்சு நாள்ல அமுங்கி வெறும் பஞ்சாவே தெரிஞ்சுது, அதை நடுவுல எடுத்தாச்சு, யாரும் தேடல. ஹாட் க்ளூல ஒட்டின பிளாஸ்டிக் வேலி முனைங்க ஹீட்டர் காத்துல விட்டுப்போச்சு. மூங்கில் குச்சியை மரப் பசையால ஒட்டினதெல்லாம் அசையவே இல்ல. ஹாட் க்ளூ சிலந்தி வலைக்கு மட்டும் வச்சுக்கலாம், துப்பாக்கி முனையை இழுத்தா வர்ற அந்த இழை, அதுவும் வேலியில ஒரு மூலையில ஒண்ணே ஒண்ணு. பாக்கெட் வலையைப் பிரிச்சுப் போட்டா 1:12-ல அது கயிறு தடிமன்.

மேடு இப்ப அக்கா பேஸ்மென்ட்ல இருக்கு, கல்லுங்க முட்டை அட்டையில. அடுத்த வருஷம் வீட்டுக்குப் பதிலா வெள்ளை மரச் சர்ச் ஒண்ணு வைக்கலாம்னு பேச்சு. 100 அடி கூர்கோபுரம்னா 1:48-ல 25 இன்ச், உள்ள போகாது. 1:96-ன்னா 12 அரை, மேட்டை மூணு இன்ச்சுக்குக் குறைச்சா 16-க்குள்ள அடங்கும், ஆனா முன்னாடி இருக்கற 1:12 கல்லுக்கும் அதுக்கும் எட்டு மடங்கு வித்தியாசம், 18 இன்ச் ஆழம் அதைத் தாங்குமான்னு தெரிய அட்டையில ஒரு மாதிரி வெட்டி வச்சுப் பாக்கணும். அக்கா அட்டை எடுத்து வச்சுட்டாங்க.